நெகட்டிவ் ரத்தமும் நெகட்டிவ் சோதனையும்

கர்ப்பிணிக்கு ‘நெகட்டிவ் குரூப்’ என்று தெரிந்ததும் சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் யார்மேல் பழி போடலாம் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். தாய்மாமனைக் கட்டியதால் வந்தது என்பார்கள். அப்படியில்லை. சிவப்பணுவின் மேல் ‘டி’ என்ற புரதம் இல்லாதவர்கள் நெகட்டிவ். இந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேர். கணவரும் நெகட்டிவ் என்றால் பிள்ளையும் நெகட்டிவ்தான், எந்தச் சிக்கலும் எழாது. கணவர் பாசிட்டிவாக இருந்தால்தான் கவனம் வேண்டும்.

தாய் ரத்தமும் பிள்ளை ரத்தமும் கலக்கவே கலக்காது என்ற நம்பிக்கையும் முழு உண்மையல்ல. நஞ்சுக்கொடி இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. ஆனாலும் சில துளிகள் தாண்டும், பிரசவ நேரத்தில்தான் அதிகம். வயிற்றில் அடிபட்டாலும், வண்டியிலிருந்து விழுந்தாலும், கரு கலைந்தாலும் தாண்டலாம். அந்தத் துளிகளைப் பார்த்துத் தாயின் உடல் எதிரணுக்களை (ஆன்டிபாடி) உண்டாக்கினால், முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளையின் சிவப்பணுக்களை அவை அழிக்கும். ‘முதல் பிள்ளை நல்லாத்தானே பிறந்தது’ என்ற தைரியம் அதனால்தான் ஆபத்தானது.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது வேறொன்று: ‘கூம்ப்ஸ் டெஸ்ட் நெகட்டிவ், அதனால் ஊசி வேண்டாம்.’ இதற்கு நேர்மாறானதே உண்மை. இந்தச் சோதனை, எதிரணு உண்டாகிவிட்டதா என்று மட்டும் பார்க்கிறது. நெகட்டிவ் என்றால் இன்னும் உண்டாகவில்லை, தடுக்க நேரமிருக்கிறது என்று பொருள். ஆன்டி-டி ஊசி இவர்களுக்குத்தான்: வழக்கமாக 28-வது வாரத்தில் ஒன்று, பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. எதிரணு ஏற்கெனவே உண்டாகிவிட்டால் ஊசியால் பலனில்லை.

எவ்வளவு ரத்தம் தாண்டியது என்பதைச் சொல்வது வேறு சோதனை. ஜெர்மனியில் க்ளைஹவர், பெட்கே உள்ளிட்டோர் 1957-ல் கொடுத்த முறை அது. தாயின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி அமிலக் கரைசலில் வைப்பார்கள். பெரியவர்களின் ஹீமோகுளோபின் கரைந்து வெளியேறும், கருவினுடையது தாக்குப்பிடிக்கும். சாயமிட்டபின் வெளிறிய கூடுகளுக்கு நடுவே பிள்ளையின் அணுக்கள் இளஞ்சிவப்பாகத் தெரியும், எண்ணிவிடலாம். நூற்றுக்கு ஒன்று இருந்தால் ஏறக்குறைய 50 மில்லி ரத்தம் தாண்டியிருக்கிறது. 300 மைக்ரோகிராம் ஊசி ஒன்று சமாளிப்பது 30 மில்லி வரைதான். ‘ஒரு ஊசி போட்டாச்சு’ என்று நிம்மதியடையக் கூடாத தாய்மார்களும் இருக்கிறார்கள். நஞ்சுக்கொடி முன்பே பிரிந்தவர்கள், வயிற்றில் பலமாக அடிபட்டவர்கள் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். தாய்க்குத் தலசீமியா கூறு இருந்தால் அவருடைய அணுக்களே கருவின் அணுக்களைப் போலத் தெரியலாம். அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பிள்ளையின் ரத்தத்தைப் பார்ப்பதால் ஆணா பெண்ணா என்றும் தெரிந்துவிடுமாமே? தெரியாது. முதிர்ந்த சிவப்பணுவில், பாலினத்தைச் சொல்லும் குரோமோசோம்கள் இருக்கும் உட்கருவே இல்லை. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய சேலத்தில் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வேறு வழிகளில் தெரிந்தாலும் சொல்வதை 1994-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

ஊசி போட்ட தேதியைத் தாய்-சேய் அட்டையில் எழுதி வாங்குங்கள். ஊசிக்குப் பிறகு கூம்ப்ஸ் சோதனை லேசான பாசிட்டிவ் காட்டக்கூடும். தேதி தெரியாத மருத்துவர் அதை உண்மையான எதிரணு என்று எண்ணி அடுத்த ஊசியை நிறுத்திவிடலாம்.