கம்ப்யூட்டர் தானாக அணைகிறதா? ப்ராசசர் சூட்டைக் கவனியுங்கள்

பத்து நிமிடம் நன்றாக இயங்கும் கம்ப்யூட்டர், எந்த எச்சரிக்கையும் இன்றிப் பட்டென்று அணைந்துவிடும். வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்பவர்கள் பலர். முதலில் பார்க்க வேண்டியது ப்ராசசரின் சூட்டை.

ப்ராசசர் தன் வெப்பத்தைத் தானே அளந்துகொள்கிறது. இன்டெல் ப்ராசசர்கள் பலவற்றிற்கு எல்லை 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் பலவற்றிற்கு 90 முதல் 95. எல்லையைத் தொட்டதும் வேகம் குறையும். அதையும் தாண்டினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். இது கோளாறு அல்ல, பாதுகாப்பு.

கோர் டெம்ப் அல்லது ஹெச்டபிள்யூ மானிட்டர் புரோகிராமை இயக்கி வெப்பத்தைப் பாருங்கள். பிறகு பெரிய வீடியோ பைல் ஒன்றை வேறு பார்மட்டுக்கு மாற்றக் கொடுத்துவிட்டு, வெப்பம் எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். சில விநாடிகளில் 90-ஐத் தாண்டினால், ஹீட் சிங்க் ப்ராசசரில் சரியாக ஒட்டவில்லை அல்லது பேஸ்ட் காய்ந்துவிட்டது எனலாம். மெதுவாக, பல நிமிடங்களில் ஏறினால் தூசியும் காற்றோட்டமும்தான் காரணமாக இருக்கும்.

அண்மையில் நான் பார்த்த கம்ப்யூட்டர் ஒன்றிற்கு மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சும்மா இருக்கும்போதே 78 டிகிரி காட்டியது. ஹீட் சிங்க்கின் நான்கு பின்களில் ஒன்று கழன்றிருந்தது. புதிய பேஸ்ட் தடவி மாட்டியதும் 44-க்கு இறங்கியது. செலவு ஒரு பேஸ்ட் ட்யூப் மட்டுமே.

நீங்களே செய்திட, முக்கிய பைல்களை முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு:

1. மின் இணைப்பைக் கழற்றிவிட்டு கேபினெட்டைத் திறக்கவும்.

2. ஃபேன் இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, ப்ளோயரால் தூசியை ஊதவும்.

3. ஹீட் சிங்க் ஆடினால், மெல்லத் திருகியபடி கழற்றவும். பழைய பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கவும்.

4. புதிய தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். அதிகம் வைத்தால் பக்கத்தில் வழியும், பயன் கூடாது.

5. ஹீட் சிங்க்கை மாட்டி, ஃபேன் ஒயரை சிபியூ ஃபேன் என்று குறித்த இடத்தில் செருகி, ஃபேன் சுழல்கிறதா எனப் பார்க்கவும்.

வெப்பம் 70-க்குள் இருந்தும் அணைகிறதா? அப்போது ப்ராசசரை விட்டுவிடுங்கள். அடுத்து சோதிக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ்.