கைத்துப்பாக்கியைக் கழற்றித் துடைத்தல்

தஞ்சைக் கீழவாசல் பீரங்கி மேட்டில் கிடக்கும் இராசகோபாலப் பீரங்கி, நாயக்கர் காலத்தில் இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டிச் செய்யப்பட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலையும் மழையையும் தாங்கி உருக்குலையாமல் இருக்கிறது. ஆனால் ஒரு கைத்துப்பாக்கியை ஓர் ஐப்பசி அடைமழைக்குத் துடைக்காமல் விட்டுப் பாருங்கள்!

தேசிய மாணவர் படையில் எங்கள் கைக்கு வருவது .22 ரைஃபிள்தான். கைத்துப்பாக்கி பற்றி, இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற என் தாய்மாமா சொல்லக் கேட்டவற்றோடு வகுப்பில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நம் படையில் நெடுங்காலம் புழங்கிய 9 மி.மீ. பிஸ்டல், வங்கத்து இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் தொடங்கி, 1926-இல் அவர் மறைந்தபின் பெல்ஜியத்தில் முடிக்கப்பெற்று, 1935-இல் வெளிவந்த 'ஹை பவர்' பிஸ்டலே அதற்கு மூலம். மேகசினில் 13 தோட்டாக்கள் கொள்ளும்.

பதின்மூன்றோடு கணக்கை முடிப்பதில்தான் ஆபத்து. பதினான்காவது ஒன்று குழலின் அடியறையில் இருக்கலாம். தோட்டா வெடித்த உதைப்பில் ஸ்லைடு பின்னே ஓடி வெற்றுக் கூட்டை எறிகிறது. ஸ்பிரிங் அதை முன்னே தள்ளும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறுகிறது. ஆகவே முதலில் மேகசினை எடுக்க வேண்டும். அதன் பிறகே ஸ்லைடை இழுக்க வேண்டும். முறை மாறினால் ஒன்று வெளியே விழும், இன்னொன்று உள்ளே ஏறிக்கொள்ளும். விழுந்ததைக் கண்ட மனமோ 'காலி' என்று நம்பிவிடும். அடியறையைக் கண்ணால் பார்த்தால் போதாது, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். மேகசின் இல்லாதபோது சுடாதபடி இந்தப் பிஸ்டலில் ஒரு தடை உண்டு. அதை நம்பாதே என்பார் மாமா. வேறு பல பிஸ்டல்களில் அது கிடையாது. குழலின் வாய் எந்நேரமும் ஆளில்லாத திசையை நோக்கியே இருக்க வேண்டும். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும்.

கழற்றுவது எளிது. ஸ்லைடைப் பின்னிழுத்துப் பாதுகாப்பு நெம்பை அதன் காடியில் மாட்டி, ஸ்லைடு ஸ்டாப்பை வலப்புறமிருந்து தள்ளி எடுத்துவிட்டு, ஸ்லைடைக் கையால் பிடித்தபடியே நெம்பை விடுவித்தால் அது முன்பக்கமாகக் கழன்று வரும். ஸ்பிரிங் துள்ளும், முகத்தை விலக்கிக் கொள்ளவும். இதற்கு மேல் கழற்றுவது ஆர்மரரின் வேலை.

குழலைப் பின்புறமிருந்தே துடைக்க வேண்டும். வாய்ப்பக்கம் கம்பி உரசினால் உட்சுருள் காடியின் விளிம்பு தேய்ந்து குறி தப்பும். பழைய .303 தோட்டாவின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். மழைக்காலத்தில் அடுப்படி உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல் இந்த உப்பும் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெயில் உப்பு கரையாது. அதனால்தான் அந்நாளைய சிப்பாய்கள் குழலில் கொதிநீர் ஊற்றினார்கள். வேதியியல் படித்தா செய்தார்கள்? இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலும் அந்த உப்பு இல்லை. கரியும் ஈயத் துகளும் உண்டு. இறுதியில் எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். மிகுதியானால் அறுவடைக் காலத்துப் பதர்த் தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

திரும்பப் பூட்டிய பின் ஸ்லைடை இரண்டு மூன்று முறை இழுத்து, தடையின்றி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். துப்பாக்கி பெட்டிக்குள் போன பிறகே தோட்டாவைத் தொடலாம். ஈயம் வயிற்றுக்குள் போகக் கூடாதல்லவா? சோப்புப் போட்டுக் கை கழுவாமல் மாமா வெற்றிலைப் பெட்டியைத் திறந்ததில்லையாம்.