உட்காருவது உங்கள் உரிமை

துணிக்கடையில் காலை முதல் இரவு 9 மணி வரை நின்றபடியே வேலை. வீட்டுக்குப் போனால் சமையல், பாத்திரம். ஓய்வுக்கு நேரமே கிடைப்பதில்லை. என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

சகோதரி, ஓய்வைக் கடையிலேயே தொடங்குங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை தருவது கட்டாயமாகிவிட்டது. வாடிக்கையாளர் இல்லாத 5 நிமிடம் கிடைத்தாலும் கூச்சப்படாமல் உட்காருங்கள். 4 மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர இடைவேளையும், வாரம் ஒரு நாள் விடுமுறையும் அதே சட்டம் தருபவைதான். விட்டுக்கொடுக்காதீர்கள். மேலாளரிடம் தனியாகக் கேட்கத் தயக்கமென்றால், நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். சாயங்காலம் பாதம் வீங்கிச் செருப்பு இறுக்குவது அதனால்தான். நிற்கும்போதே குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள். கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிவிடும். மதியம் சாப்பிட்டதும் போனை எடுக்காமல் 20 நிமிடம் கண்ணை மூடுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அடுப்படிக்குப் போகாதீர்கள். பாயை விரித்து, காலைச் சுவரில் உயர்த்தி வைத்துக் கால் மணி நேரம் படுங்கள். அந்த நேரத்தில் வெங்காயம் உரிப்பதும் அரிசி களைவதும் வீட்டிலுள்ள மற்றவர்களின் வேலை. இன்று இரவே சொல்லிவிடுங்கள்.