ஏட்டைத் திருத்தும் உரிமை

1877ஆம் ஆண்டில் நடப்பட்ட ரப்பர் மரம் ஒன்று கோலா கங்சாரில் இன்றும் நிற்கிறது. பின்னாளில் பேராக் எங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, தொழிலாளரின் கூலி ஓர் ஏட்டை நம்பியிருந்தது. அதனைச் ‘செக்ரோல்’ என்பர். காலைப் பெரட்டில் நின்றவர்களின் பெயர்களைக் கிராணி அதில் குறிப்பார். பெயர் விடுபட்டால் அன்றைய கூலி இல்லை. ஆயினும், அவர் கை தவறினால் பிழை ஒரு வரியோடு நிற்கும். சம்பள நாளன்று உரியவர் கேட்டுவிடுவார்.

இன்று அந்த ஏடு கணினிக்குள் இருக்கிறது. அதைத் திருத்தும் வேலையைச் சில நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவு முகவரிடம் ஒப்படைக்கின்றன. இம்முகவர் கேள்விக்குப் பதில் கூறுவதோடு நிற்பதில்லை. கோப்புகளைத் தானே திறக்கும், மாற்றும், அழிக்கும்.

கோலா கங்சாரில் ஒரு மளிகைக்கடை இருப்பதாகக் கொள்வோம். அதில் 3,000 வாடிக்கையாளர்களின் கணக்குகள் உள்ளன. “இரட்டிப்பாக உள்ள பெயர்களை ஒன்றாக்கு” என்று கடைக்காரர் முகவரிடம் கூறுகிறார். சாயோங்கில் ஓர் எம். செல்வி, பாடாங் ரெங்காசில் இன்னோர் எம். செல்வி. நம்மவரிடையே இப்படிப் பெயர் ஒத்துப்போவது புதிதன்று. முகவர் இருவரையும் ஒருவராக்கிவிட்டால், ஒருவரின் 180 ரிங்கிட் கடன் மற்றவர் தலையில் விழும். இதே பிழை சில நொடிகளில் நூறு கணக்குகளில் நேர்ந்திருக்கலாம். கடைக்காரரோ எதையும் கவனித்திருக்கமாட்டார்.

“கவனமாகச் செய் என்று சொன்னால் போதாதா?” என நீங்கள் கேட்கலாம். போதாது. 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின், ரெப்ளிட் நிறுவனத்தின் முகவரைக் கொண்டு ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அனுமதியின்றி எதையும் மாற்றக்கூடாது என்று அதற்குக் கட்டளையிட்டிருந்தார். அப்படியிருந்தும், 1,200க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அடங்கிய தரவுத்தளத்தை அது அழித்துவிட்டது. மீட்க இயலாது என்றும் கூறியது. ஆனால், தரவுகளை மீட்க முடிந்தது! அதன்பின், சோதனைத் தரவுகளையும் உண்மைத் தரவுகளையும் தனித்தனியே பிரித்து வைக்கும் ஏற்பாட்டை ரெப்ளிட் கொண்டுவந்தது.

கட்டளை வேறு, பூட்டு வேறு. அழிக்கும் உரிமையே வழங்கப்படாத முகவரால் அழிக்க இயலாது. இருபது கணக்குகளுக்குமேல் மாற்ற வேண்டுமெனில் மனிதர் ஒப்புதல் தேவை எனக் கணினியிலேயே வரம்பு அமைக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் ஒப்புதல் கேட்பதும் பயன் தராது. பத்தாவது முறைக்குப்பின் பாராமலே ‘சரி’ என்று அழுத்துவதே மனித இயல்பு.

பழைய பதிவும் அழியாமல் இருக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி நிறுவனங்கள் கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய மின் விலைப்பட்டியல் முறையும் இவ்வாறே. உள்நாட்டு வருமான வரி வாரியம் உறுதிசெய்த பட்டியலை 72 மணி நேரத்திற்குள் இரத்துச் செய்யலாம். அதன்பின், திருத்தத்தைத் தனி ஆவணமாகவே வெளியிட வேண்டும்.

அந்த மளிகைக்கடையிலும் இது கடினமன்று. மாற்றுவதற்கு முன், எவையெவை மாறும் என்ற பட்டியலை முகவர் காட்டினால் போதும். இரு செல்விகளின் தொலைபேசி எண்களும் வெவ்வேறாக இருப்பது அதில் தெரியும். இருவரையும் அறிந்த கடைக்காரர் அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டு ஒப்புதல் அளிக்கலாம்.