ஒன்பது மாத விசாவும் இரண்டு வருட விதியும்

பந்தல்குடியிலிருந்து தினமும் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய், ஏதோ ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கும் எம்.ஏ. பட்டதாரியா நீங்கள்? அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இந்திய மொழி கற்றுக்கொடுக்கும் வேலை உங்களுக்கு எட்டாததல்ல. அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் எஃப்.எல்.டி.ஏ. என்ற திட்டம் உங்களைப் போன்ற இளம் ஆங்கில ஆசிரியர்களுக்குத்தான். ஒன்பது மாதம் தங்கலாம், வாரம் அதிகபட்சம் 20 மணி நேரம் வகுப்பு எடுக்கலாம், கூடவே அங்கே சில பாடங்களும் படிக்கலாம். டிகிரி கிடைக்காது. இந்தியாவில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது யு.எஸ்.ஐ.இ.எஃப். என்ற அமைப்பு. இந்த வருட மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று முதலில் அறிவிப்பைப் பாருங்கள்.

2025 முதல் அமெரிக்க விசா விதிகள் அடுத்தடுத்து மாறுகின்றன. தலைப்புச் செய்தியைப் படித்தே பலர் பயந்து ஒதுங்கிவிடுவார்கள். விதியைப் படித்தவருக்கு அது லாபம்.

1. உங்கள் விசா எது என்று தெளிவாகுங்கள். எஃப்.எல்.டி.ஏ. போகிறவருக்கு ஜே-1. பிஎச்.டி. சேர்ந்து டீச்சிங் அசிஸ்டென்ட் ஆகிறவருக்குப் பெரும்பாலும் எஃப்-1. அங்கே போய் ஆங்கிலம் மட்டும் படிக்கிறவருக்கும் எஃப்-1. 2025 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்க அரசு ஒரு விதியை முன்மொழிந்தது. படிப்பு முடியும்வரை தங்கலாம் என்ற பழைய ஏற்பாட்டுக்குப் பதிலாக அதிகபட்சம் நான்கு வருடம், மொழிப் படிப்புக்கு மட்டும் மொத்தம் 24 மாதம் என்பது அதன் சாரம். ஒன்பது மாதம் போகிறவரை இது அநேகமாகத் தொடாது. ஐந்தாறு வருடம் இழுக்கும் பிஎச்.டி.காரருக்குத்தான் நடுவில் நீட்டிப்பு கேட்டு அலையும் வேலை வரும். நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று அரசுத் தளத்தில் நேரடியாகப் பாருங்கள்.

2. இரண்டு வருட விதியைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஜே-1 விசாவில் போன சிலர், ஊர் திரும்பி மொத்தம் இரண்டு வருடம் இருந்த பிறகே எச்-1பி என்ற வேலை விசாவோ கிரீன் கார்டோ வாங்க முடியும். இந்த விதி எந்தெந்த நாட்டவரைக் கட்டும் என்று சொல்வது 'திறன் பட்டியல்'. 2024 டிசம்பர் 9 அன்று வந்த புதிய பட்டியலில் இந்தியா இல்லை. உடனே "இரண்டு வருட விதி போயாச்சு" என்று ஏஜென்டுகள் சொல்ல ஆரம்பித்தார்கள். அரைகுறைத் தகவல் அது. அரசுப் பணத்தில் போகிறவர்களை அந்த விதி இன்னும் கட்டுகிறது. ஃபுல்பிரைட் அரசுப் பணம். ஜே-1 திட்டத்துக்காக உங்களுக்குத் தரப்படும் டி.எஸ்-2019 படிவத்திலேயே இந்த விதி குறிக்கப்பட்டிருக்கும். தவிர, வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பி-யில் ஆள் எடுக்க ஒரு லட்சம் டாலர் கட்டச் சொல்லி 2025 செப்டம்பரில் உத்தரவு வந்தது. ஆகவே அங்கேயே செட்டில் ஆவதுதான் நோக்கம் என்றால் இந்தத் திட்டம் உங்களுக்கு வேண்டாம். திரும்பி வந்து கல்லூரி வேலைக்கோ, நல்ல பிஎச்.டி. இடத்துக்கோ ரெஸ்யூமை வலுவாக்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல ஒன்பது மாதம் அபூர்வம்.

3. இன்டர்வியூவுக்கு முன் உங்கள் சோஷியல் மீடியா கணக்குகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2025 மே இறுதியில் மாணவர், எக்ஸ்சேஞ்ச் விசா இன்டர்வியூக்களுக்குப் புதிய தேதி கொடுப்பதை நிறுத்தி, ஜூன் 18 அன்று மறுபடி தொடங்கினார்கள். அப்போது சேர்ந்த நிபந்தனை, சோஷியல் மீடியா கணக்குகள் பப்ளிக்காக இருக்க வேண்டும் என்பது. கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய கணக்குப் பெயர்களை டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் எழுத வேண்டும். ஒன்றையும் மறைக்காதீர்கள். சண்டைக்காரப் பதிவுகள் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். என்ன கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள், யார் பணம் தருகிறார்கள், திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்ற மூன்றுக்கும் தலா இரண்டு வாக்கியத்தில் ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பழகுங்கள். சென்னைக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். ராத்திரி பஸ்ஸில் இறங்கிய முகத்தோடு கான்சுலேட் வரிசையில் நிற்க வேண்டாம்.

4. சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அமெரிக்காவில் தமிழ் போன்ற மொழிகளின் வகுப்புகள் பல, டைட்டில் சிக்ஸ் என்ற அரசு நிதியை நம்பி இருந்தன. 2025 செப்டம்பரில் அந்த நிதியில் பெரிய வெட்டு விழுந்தது. விசா கையில் இருந்து வகுப்பு இல்லாமல் போனால் என்ன பயன்?

5. ஜெர்மனி பக்கம் பார்க்கிறவர்களுக்கு. மொழிப் படிப்பு விசாவுக்கு வாரம் குறைந்தது 18 பாடவேளை உள்ள இன்டென்சிவ் கோர்ஸ் வேண்டும். கல்லூரி மாணவர் விசாவுக்கு முடக்கக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது பன்னிரண்டு லட்சம் ரூபாய்க்கு அருகில், காட்ட வேண்டும். முன்பெல்லாம் விசா மறுத்தால் தூதரகத்திலேயே செலவில்லாமல் மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழி கிடையாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் கோர்ட். முதல் ஃபைலே முழுசாக இருக்கட்டும். நர்ஸிங் முடித்தவர்கள் ஜெர்மன் மொழியை பி-2 லெவல்வரை படிக்கத் தயாராகுங்கள். தமிழக அரசின் ஓ.எம்.சி.எல். நிறுவனம் நர்ஸ்களுக்கு ஜெர்மன் பயிற்சி தருகிறது. அங்கே விசாரிக்காமல் மானாவாரி நிலத்தை அடமானம் வைத்து ஏஜென்டிடம் பணம் கட்டாதீர்கள். வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு இருக்கிறதா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடினால் தெரிந்துவிடும்.

6. இனிஷியல். நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தொல்லை இது. மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் உங்கள் பெயர், கிவன் நேம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும், பிறகு பேங்க், சம்பளம், சர்டிஃபிகேட் எல்லாவற்றிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூ செய்து பெயரைச் சரியாகப் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். நமக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம்.