திசை ஆன்டெனா பொருத்தும்போது

• இரு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று நேராகப் பார்ப்பது மட்டும் போதாது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 2 கி.மீ. இணைப்புக்கு, பாதி வழியில் நேர்க்கோட்டைச் சுற்றி 3 மீட்டராவது தடையின்றி இருக்க வேண்டும். மரங்கள் வளரும் உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

• கம்பம் காற்றில் ஆடக்கூடாது.

• ஒருமுனை ஆன்டெனா செங்குத்து முனைவாக்கத்தில் இருந்தால், மறுமுனையும் அப்படியே இருக்க வேண்டும்.

• ஒருமுனையை அசைக்காமல், மற்றதை மெல்லத் திருப்பி சிக்னலைக் கவனிக்க வேண்டும். -70 டிபிஎம்மைவிட -60 வலுவானது. முதலில் கிடைக்கும் உச்சம் முதன்மைக் கதிராக இல்லாமல் பக்கக் கதிராக இருக்கலாம். இருபுறமும் அகலத் திருப்பிப் பார்த்த பிறகே நட்டை முறுக்க வேண்டும்.

• இணைப்புகளில் நீர்புகா டேப் சுற்றி, கேபிளைச் சற்றே வளைத்துத் தொங்கவிட்டால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

• கம்பத்துக்கு எர்த் இணைப்பு அவசியம். மின்கம்பிக்கு அருகில் கம்பம் நடக்கூடாது.