கேள்வியே காவல்

நுழையும்முன்

பழைய பொருளை வாங்குவதும் விற்பதும் நம் ஊர்ச் சந்தைகளுக்குப் புதியனவல்ல. இன்று அச்சந்தை கைப்பேசித் திரைக்குள் வந்துவிட்டது. தொட்டுப் பார்த்து வாங்கிய பொருளைப் படம் பார்த்து வாங்கும் பழக்கம் பெருகியுள்ளது. பழுதை அறிந்தவர் விற்கிறார், அறியாதவர் வாங்குகிறார். இந்த இடைவெளியைச் சட்டம் எவ்வளவு நிரப்பும்? வாங்குபவர் எவ்வளவு நிரப்ப வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

சேர்வராயன் மலையடிவாரத்தில், வாணியாற்றுப் பாசன ஊர்களைக் கொண்டது தருமபுரி மாவட்டத்தின் பாப்பிரெட்டிப்பட்டி வட்டம். கரும்பும் மஞ்சளும் மரவள்ளியும் விளையும் இப்பகுதியில் உழவுக் குடும்பங்கள் மிகுதி. அத்தகைய குடும்பம் ஒன்றுக்குப் புதிய குளிர்பதனப் பெட்டியின் விலை என்பது பல மாதச் சேமிப்பு. அதே அளவுள்ள பெட்டி, சேலத்திலோ பெங்களூரிலோ வீடு மாறும் ஒருவரிடம் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைப்பதாக இணையத்தில் விளம்பரம் வந்தால், மனம் அதனை நாடுவது இயல்பே.

பழைய பொருளை வாங்குவதில் இழிவு ஏதுமில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு வீட்டில் தேவை முடிந்த பொருள் மற்றொரு வீட்டில் மேலும் சில ஆண்டுகள் உழைத்தால் இரு வீட்டுக்கும் நன்மை, மண்ணுக்கும் நன்மை. எனவே, சிக்கல் பொருளின் பழமையில் இல்லை. அதன் பழுது மறைக்கப்படுவதில் இருக்கிறது.

சந்தையும் திரையும்

மாட்டுச் சந்தையில் மாடு வாங்க வருபவர் அதன் நிறத்தையும் கொம்பையும் மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என எண்ணி வயதை மதிப்பிடுகிறார். நடக்கவிட்டு, கால் ஊன்றும் விதத்தைக் கவனிக்கிறார். கறவை மாடு என்றால் மடியைத் தடவிப் பார்க்கிறார். கறந்து காட்டவும் சொல்கிறார். எத்தனையாவது ஈற்று, வேளைக்கு எத்தனை லிட்டர், உதைக்கும் பழக்கம் உண்டா என்றெல்லாம் வினவுகிறார். விற்பவரின் ஊரும் உறவும் பெரும்பாலும் அறிந்தவையே. பொய் சொன்னவர் அடுத்த வாரமும் அதே சந்தைக்குத்தான் வந்தாக வேண்டும்.

இணையச் சந்தையில் இக்காவல்கள் இல்லை. ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற தளங்களில் தனியாட்கள் தம் வீட்டுப் பொருளைப் படமெடுத்து விற்பனைக்கு வைக்கின்றனர். படம் பொருளின் புறத்தைக் காட்டும்; அகத்தைக் காட்டாது. விற்பவரை இதற்கு முன்னும் கண்டதில்லை; இனியும் காணப்போவதில்லை.

அறிந்தவரும் அறியாதவரும்

இந்நிலையை ஆராய்ந்தவர் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப். பழைய கார்ச் சந்தையைச் சான்றாகக் கொண்டு 1970இல் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் பழுதான காரை ‘எலுமிச்சை’ என்பர். அச்சொல்லே அக்கட்டுரையின் தலைப்பில் இடம்பெற்றது.

அவர் கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரே தோற்றமுள்ள இரு குளிர்பதனப் பெட்டிகள் விற்பனைக்கு உள்ளன. நல்ல பெட்டியின் மதிப்பு 10,000 ரூபாய்; பழுதான பெட்டியின் மதிப்பு 4,000 ரூபாய். எது நல்லது என வாங்குபவரால் பிரித்தறிய இயலவில்லை. ஆதலால் இரண்டுக்கும் இடைப்பட்ட 7,000 ரூபாய் தர முன்வருகிறார். நல்ல பெட்டியை வைத்திருப்பவர் அவ்விலைக்கு விற்க மனமின்றி விலகுகிறார். பழுதான பெட்டியை வைத்திருப்பவரோ மகிழ்ந்து விற்கிறார். இவ்வாறு நல்ல பொருள் சந்தையைவிட்டு நீங்க, பழுதே எஞ்சுகிறது. மறைக்கப்படும் ஒரு பழுது வாங்கியவரை மட்டும் வருத்துவதில்லை; நேர்மையாக விற்பவரையும் வெளியேற்றுகிறது. இந்தச் சிந்தனையை உள்ளடக்கிய ஆய்வுகளுக்காக 2001ஆம் ஆண்டு, மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அகர்லாஃப் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பழுது மறையும் இடம்

குளிர்பதனப் பெட்டியின் பின்புறம் அடியில் கம்ப்ரசர் எனப்படும் அமுக்கி உள்ளது. அது குளிர்விக்கும் வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. வாயு, பின்புறக் குழாய்களில் வெப்பத்தை வெளியிட்டு நீர்மமாகிறது. பின்னர் நுண்குழாய் வழியே பெட்டிக்குள் சென்று மீண்டும் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. இச்சுழற்சி மூடிய குழாய்க்குள் நடைபெறுவதால், வாயு கசியாதவரை அதனை மீண்டும் நிரப்பத் தேவையில்லை.

குழாயில் நுண்ணிய துளை விழுந்தால் வாயு மெல்லக் கசியும். துளையை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பினால் பெட்டி சில நாள்களோ சில வாரங்களோ நன்கு குளிரும். அதன்பின் குளிர்ச்சி குன்றும். அந்தச் சில நாள்களுக்குள் விற்றுவிட்டால் பழுது வாங்கியவர் வீட்டில்தான் வெளிப்படும். மற்றொரு வகையும் உண்டு. வாங்குபவர் வருவதற்கு முன்பே பல மணி நேரம் பெட்டியை இயக்கிக் குளிரவைத்துவிட்டால், அது எவ்வளவு மெதுவாகக் குளிர்கிறது என்பது தெரியாது. ஆகவே, நிறுத்திவைத்த பெட்டியைத் தம் கண்முன் இயக்கச் சொல்லிக் காத்திருப்பவரே உண்மையை அறிவார்.

சலவை இயந்திரத்தைத் துணியும் நீரும் இட்டு, பிழியும் சுற்றுவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். தேய்ந்த பேரிங்கின் இரைச்சல் அப்போதுதான் கேட்கும். இன்வெர்ட்டர் மின்கலத்தை, மின்சாரத்தைத் துண்டித்து, மின்விசிறியும் விளக்கும் எவ்வளவு நேரம் இயங்குகின்றன எனக் கண்டு மதிப்பிட வேண்டும்.

சட்டம் கூறும் குதிரைக் கதை

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டுக்குரியது. மோசடியை வரையறுக்கும் அதன் 17ஆம் பிரிவு, குதிரை விற்பனை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. ஏலத்தில் குதிரையை விற்பவருக்கு அது நலமற்றது எனத் தெரியும். அவர் எதுவும் சொல்லவில்லை, வாங்குபவரும் கேட்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அதே விற்பனையில் வாங்குபவர், “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக உள்ளதென்றே கொள்வேன்” என்னும் பொருள்படக் கூறுகிறார். விற்பவர் அப்போதும் வாய்திறக்கவில்லை. இங்கு அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது அதே சட்டம்.

இரு நிகழ்விலும் குதிரை ஒன்றே, நோயும் ஒன்றே, விற்பவரின் மௌனமும் ஒன்றே. சட்டத்தின் முடிவை மாற்றியது வாங்குபவரின் ஒரு சொல். கேட்காதவரிடம் காக்கும் மௌனத்தைச் சட்டம் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. கேட்டவரிடம் சொல்லும் பொய்யைப் பொறுப்பதில்லை. மேலும், இயல்பான கவனத்துடன் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய பழுதை, மௌனத்தால் மறைத்தார் எனக் காட்டி ஒப்பந்தத்தை நீக்குவது எளிதன்று என 19ஆம் பிரிவு உணர்த்துகிறது.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் இதற்கு ஒத்ததே. விவரித்துக் கூறி விற்ற பொருள் அவ்விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என அது வகுக்கிறது. ஆனால், பொருளின் தரத்துக்கு விற்பவர் தாமே பொறுப்பேற்கும் நிலையைப் பொதுவாக வணிகர்க்கே அது விதிக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வணிகரிடமும் சேவை வழங்குவோரிடமும் முறையிடும் உரிமையைத் தருகிறது. அதன்கீழ் 2020இல் வந்த மின்வணிக விதிகள், வழக்கமான தொழிலாக அன்றித் தனிப்பட்ட நிலையில் ஒருவர் செய்யும் செயலுக்குப் பொருந்தா. ஆகவே, கடையில் வாங்கியவருக்குள்ள காவல், தனியாளிடம் வாங்கியவருக்கு இல்லை. அவருக்குரிய காவலை அவரே கேட்டுப் பெற வேண்டும்.

கேட்டலும் எழுதிப் பெறலும்

பொருள் வாங்கிய ஆண்டு எது? பட்டியல் உள்ளதா? எப்போது, எதற்காகப் பழுது பார்க்கப்பட்டது? வாயு நிரப்பப்பட்டதா? இப்போது ஏதேனும் குறை உண்டா? ஏன் விற்கிறீர்கள்? இவற்றைத் தொலைபேசியில் கேட்பதோடு நில்லாமல், குறுஞ்செய்தியாக அனுப்பி விடையையும் எழுத்தில் பெற வேண்டும். விளம்பரத்தின் படத்தையும் சொற்களையும் சேமித்து வைக்க வேண்டும். விற்பனைக்குப் பின் விளம்பரம் நீக்கப்படலாம். சேமித்த படம் சான்றாக நிற்கும்.

பொருளைக் காணாமல் முன்பணம் அனுப்புதல் கூடாது. படைவீரர் எனக் கூறிக்கொண்டு, இடமாற்றத்தால் விற்பதாகச் சொல்லி முன்பணம் பறிக்கும் மோசடிகள் குறித்துக் காவல்துறை பலமுறை எச்சரித்துள்ளது. பணத்தைப் பெறுவதற்கு யுபிஐ கடவெண் தேவையில்லை. செலுத்துவதற்கே அது தேவை.

விற்பவராக நாம்

இன்று வாங்குபவர் நாளை விற்பவர். நம் வீட்டுப் பொருளை விற்கும்போது அதன் பழுதை நம்மைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. வாணிகம் செய்வோர் பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்பதை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார் வள்ளுவர். சட்டம் கேட்டவருக்கே விடை சொல்லப் பணிக்கிறது; அறமோ கேளாதவருக்கும் சொல்லப் பணிக்கிறது. வாங்கும்போது சட்டத்தை நினைந்து கேட்போம். விற்கும்போது அறத்தை நினைந்து சொல்வோம்.

தெரிந்து தெளிவோம்

• இணையவழிப் பண மோசடியைத் தெரிவிக்க: 1930. பணம் இழந்த உடனே அழைத்தால், அது கைமாறும் முன் தடுக்க வாய்ப்பு மிகுதி.
• வணிகர் மீதான புகாருக்கான தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915.
• தேசிய நுகர்வோர் நாள்: டிசம்பர் 24. 1986ஆம் ஆண்டு அந்நாளில்தான் முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய மின்பொருள் ஒன்றை விற்பதாகக் கொண்டு, அதன் நிறைகுறைகளை மறைக்காமல் விளம்பரம் ஒன்று எழுதுக.
2. உங்கள் பகுதியில் மாடு வாங்கி விற்பவர் ஒருவரிடம், மாட்டைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கேட்டறிந்து வகுப்பில் பேசுக.

குறுவினா

1. பழைய மின்பொருளைப் பயன்படுத்துவதால் விளையும் நன்மைகள் யாவை?
2. சேமித்து வைத்த விளம்பரம் எவ்வாறு பயன்படும்?

சிறுவினா

1. நல்ல பொருள் சந்தையைவிட்டு நீங்குவது ஏன்? எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. குதிரை விற்பனையின் இரு நிகழ்வுகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை எழுதுக.

நெடுவினா

‘சட்டம் கேட்டவருக்கு விடை தருகிறது, அறம் கேளாதவருக்கும் தருகிறது’ – பாடப்பகுதிவழி நிறுவுக.